குப்பியில் மிஞ்சிய மருந்து யாருடையது?



ஏற்காட்டுச் சந்தையில் ஒரு பிடி மிளகு வாங்கினாலும், அரைக் கிலோ காப்பிக்கொட்டை வாங்கினாலும் தராசு அசைந்து நின்ற பிறகே காசு கை மாறுகிறது. நிறுவையில் குறைப்பது பாவம் என்பதைச் சிறு பிராயம் முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். விற்பவர் குறைக்கவும் கூடாது. வாங்குபவர் கூடுதலாகக் கேட்கவும் கூடாது.

ஆனால் ஒரு பண்டத்தை மட்டும் நாம் நிறுத்துப் பார்ப்பதே இல்லை. அதுதான் ஊசி மருந்து. உடலுக்குள் செல்வது துளிக்கணக்கு. பில்லில் ஏறுவது குப்பிக்கணக்கு. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் சில வேளைகளில் பத்து ரூபாய். சில வேளைகளில் ஒரு குடும்பத்தின் நகை. அந்த வித்தியாசம் என்ன ஆயிற்று என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? இம்மாதம் அதைப் பற்றிச் சற்றே சிந்திப்போம்.

மீதம் ஏன் வருகிறது?

ஊசி மருந்துக் குப்பியின் அளவைத் தீர்மானிப்பது மருந்துக் கம்பெனி. நோயாளிக்கு வேண்டிய அளவைத் தீர்மானிப்பது அவருடைய உடல் எடையும் நோயும். இவ்விரண்டும் பொருந்தி வருவது அபூர்வம். தையல்காரரிடம் இரண்டரை மீட்டர் துணி வேண்டியிருக்க, கடையில் மூன்று மீட்டராக மட்டுமே வெட்டித் தருவது போன்றது இது. துணியானால் மிஞ்சியதில் குழந்தைக்கு ஒரு சட்டை தைத்துவிடலாம். மருந்தில் அது எல்லா நேரமும் இயலாது.

ஒருவேளைக் குப்பி என்றும், பலவேளைக் குப்பி என்றும் இருவகை உண்டு. ஒருவேளைக் குப்பியில் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் பொதுவாகச் சேர்க்கப்பட்டிருக்காது. அதன் ரப்பர் மூடியில் ஊசி நுழைந்துவிட்டால், குறித்த நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். பலவேளைக் குப்பியில் அத்தகைய பொருள் கலந்திருப்பதால், குளிர்ப்பெட்டியில் வைத்துக் குறித்த நாள் வரை எடுக்கலாம்.

ஆகவே மருந்தைக் கொட்டுவது எல்லாம் மோசடி அன்று. கிருமி புகுந்த மருந்தை மற்றொருவர் உடம்பில் ஏற்றாமல் காப்பதற்காகக் கொட்டுவது கடமை. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மீதத்தைக் குறைக்க வழி இருந்ததா? இருந்தும் யாரும் சொல்லவில்லையா? கொட்டியதைக் கணக்கில் எழுதினார்களா?

நாய்க்கடியில் ஒரு பாடம்

சேர்வராயன் மலையில் வாழ்வோர்க்கு நாய்க்கடியும் குரங்குக்கடியும் புதிதல்ல. நாகலூரிலோ மாரமங்கலத்திலோ ஒரு பிள்ளையை வெறிநாய் கடித்துவிட்டால், பெற்றோர் முதலில் செய்ய வேண்டியது, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுவது. அடுத்துச் செய்ய வேண்டியது, தாமதமின்றி மருத்துவமனை செல்வது. வெறிநோய் கண்டுவிட்டால் பிழைப்பது அரிது. கடித்த உடனே ஊசி போட்டுக்கொண்டால் அநேகமாக முற்றிலும் தடுத்துவிடலாம்.

தொப்புளைச் சுற்றி வரிசையாகப் போட்ட பழைய ஊசியை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மருந்தின் தயாரிப்பு நம் நாட்டில் 2004-உடன் நின்றது. இப்போதுள்ள தடுப்பூசியை இரு முறைகளில் போடுகிறார்கள். தசையில் போடுவது ஒன்று. அதற்கு ஐந்து தவணை, தவணைக்கு ஒரு குப்பி. தோலுக்குள் போடுவது மற்றொன்று. இந்த முறைக்கு நம் நாட்டில் 2006-ல் அனுமதி கிடைத்தது. இதில் ஒரு தவணைக்கு இரண்டு இடங்களில் 0.1 மி.லி. வீதம், மொத்தம் 0.2 மி.லி. மட்டுமே செல்கிறது. நான்கு தவணைகளுக்கும் சேர்த்து 0.8 மி.லி. அதாவது, ஒரு முறையில் ஐந்து குப்பி. மறுமுறையில் 1 மி.லி. குப்பி ஒன்றுக்கும் குறைவு. காக்கும் ஆற்றலோ இரண்டுக்கும் ஒன்றே.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. திறந்த குப்பியை 6 முதல் 8 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்தில், அந்த நேரத்துக்குள் பலர் வந்துவிடுவர். ஒரு குப்பியைக் கணக்குப்படி ஐவர் பகிரலாம். மலைமேல் உள்ள சிறிய சுகாதார நிலையத்துக்கு அன்றைக்கு ஒரே ஒரு பிள்ளைதான் வருகிறது என்றால், 0.2 மி.லி. போக மீதி 0.8 மி.லி. குப்பைக்கே போகும்.

அதற்காக அந்தப் பிள்ளையை 20 கொண்டை ஊசி வளைவுகள் இறக்கிச் சேலத்துக்கு அனுப்புவதா? ‘நாளை இன்னும் நாலு பேர் வரட்டும்’ என்று காக்க வைப்பதா? இரண்டும் தகாது. ஓர் உயிரைக் காக்கத் திறந்த குப்பியில் மிஞ்சியது வீண்விரயம் ஆகாது. அது அந்த உயிருக்குக் கொடுத்த விலை. இந்த வேறுபாட்டை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். சிக்கனம் என்ற பெயரில் முதல் ஊசியை ஒருநாளும் தள்ளிப்போடலாகாது.

கடி ஆழமாகி இரத்தம் கசிந்தால், தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்தைச் சுற்றிச் செலுத்துவர். மனித இரத்தத்திலிருந்து எடுக்கும் வகைக்குக் கிலோ எடைக்கு 20 அலகு என்பது கணக்கு. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 400 அலகு. குப்பியில் இருப்பது 300 அலகு என்றால், இரண்டு குப்பி வாங்க வேண்டும். 200 அலகு மிஞ்சும். காயத்தில் செலுத்த முடிந்த அளவு போதும், எஞ்சியதைத் தொலைவில் உள்ள தசையில் போட்டே தீர வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் அறிவுறுத்தியது. சிறிய காயமானால், குப்பியில் இருப்பதைத் தூய முறையில் தனித்தனி ஊசிகளில் பிரித்துப் பலருக்குப் பயன்படுத்தலாம் என்றும் அது சொன்னது. தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்து வாங்குவோர், ‘இந்தக் காயத்துக்கு எத்தனை குப்பி தேவைப்படும்?’ என்று திறக்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

பெரிய நோயில் பெரிய மீதம்

நாய்க்கடியில் மிஞ்சுவது நூறு, ஆயிரம் என்றால், புற்றுநோயில் மிஞ்சுவது பல்லாயிரம். ஓர் உதாரணம் பார்ப்போம்.

மார்பகப் புற்றுநோயில் ஒரு வகைக்கு டிராஸ்டுசுமாப் என்ற ஊசி மருந்து கொடுக்கிறார்கள். 2014-ல் பெங்களூரின் பயோகான் நிறுவனம் இந்தியத் தயாரிப்பைக் கொண்டு வந்த பிறகு, பிற கம்பெனிகளும் தயாரிக்கின்றன. முதல் தவணை கிலோவுக்கு 8 மில்லிகிராம். பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 6 மில்லிகிராம். ஏறக்குறைய ஓராண்டில் 18 தவணை.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கோ, வேறு நகருக்கோ இறங்கி வரும் ஒரு சகோதரியின் எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு முதல் தவணை 480 மில்லிகிராம். அடுத்தடுத்த தவணைகள் 360 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் பெரிய குப்பி 440 மில்லிகிராம். ஒவ்வொரு தவணைக்கும் புதுக் குப்பி திறந்து, மிஞ்சியதைக் கொட்டினால், முதல் தவணைக்கு 2 குப்பியும் மற்ற 17 தவணைகளுக்கு 17 குப்பியுமாக 19 குப்பி ஆகும்.

இந்த 440 மில்லிகிராம் குப்பி பலவேளைக் குப்பி. கிருமித்தடுப்புப் பொருள் கலந்த நீரை அதனுடனேயே தருகிறார்கள். அந்த நீரில் கரைத்து 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்தால் 28 நாள் வரை பயன்படுத்தலாம். அடுத்த தவணை வருவதோ 21-ஆம் நாள். எனவே முந்தைய குப்பியில் மிஞ்சியதை முதலில் எடுத்து, போதாததற்கு மட்டும் புதுக் குப்பி திறந்தால், 28 நாள் கடந்ததைக் கொட்டிய பிறகும், அதே 18 தவணைகளும் 16 குப்பியில் முடிந்துவிடுகின்றன. மூன்று குப்பி மிச்சம். ஒரு குப்பியின் விலையை விசாரித்துப் பாருங்கள். அந்த மூன்று குப்பியின் மதிப்பு என்னவென்று விளங்கும்.

இதே மருந்தை வெறும் சுத்திகரித்த நீரில் கரைத்துவிட்டால் சேமிக்க முடியாது. மிஞ்சியதைக் கொட்டவே வேண்டும். 150 மில்லிகிராம் சிறு குப்பியும் ஒருவேளைக் குப்பிதான். ஆகவே எந்தக் குப்பி, எந்த நீர் என்ற இரண்டு சிறு கேள்விகளில் ஒரு குடும்பத்தின் மூன்று குப்பி அடங்கியிருக்கிறது. மிஞ்சியதை வீட்டுக்கு எடுத்துப்போய்க் காய்கறியோடு வைப்பது மட்டும் வேண்டாம். மலைப்பாதையில் ஆடி அசைந்து வரும் பேருந்தில் குளிர் நிற்காது. வீட்டுக் குளிர்ப்பெட்டியில் மின்தடை வந்தால் தெரியாது. நோயாளியின் பெயர், திறந்த தேதி, நேரம் எழுதி மருத்துவமனையின் குளிர்ப்பெட்டியிலேயே வைக்கச் சொல்வதுதான் முறை.

ஒரே மருந்து வாங்கும் நோயாளிகளை ஒரே நாளில் வரச்செய்து குப்பியைப் பகிர்ந்து கொடுக்கும் வழக்கமும் உண்டு. ‘இந்த மருந்தை இங்கே எந்தக் கிழமையில் போடுகிறீர்கள்?’ என்று கேட்டு, மலையிலிருந்து இறங்கும் நாளை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். ஆனால் பகிர்ந்த குப்பிக்குப் பில்லும் பகிர்ந்தே வர வேண்டும். ஒரே குப்பியை இருவர் பில்லிலும் முழுதாக எழுதினால், அது அளவையில் செய்த குறையே.

கணக்கிட்ட அளவுக்கும் முழுக் குப்பிக்கும் சிறு வித்தியாசமே இருந்தால், 10 விழுக்காட்டுக்குள் கூட்டியோ குறைத்தோ குப்பிக்குப் பொருத்துவதை அமெரிக்கப் புற்றுநோய் மருந்தாளுநர் சங்கம் 2018-ல் பரிந்துரைத்தது. அது மருத்துவரின் முடிவு, நாமாகச் செய்வதல்ல. ஆயினும் கேட்பதில் தவறில்லை.

அயல்நாட்டில் எழுதும் கணக்கு

புற்றுநோய் மருந்துகள் இருபதில் மட்டும் கொட்டப்படும் மீதத்தால் கம்பெனிகளுக்குக் கிடைக்கும் வருவாய் 2016-ல் 180 கோடி டாலராக இருக்கும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கணித்து எழுதினார்கள். அங்கே முதியோர்க்கான அரசுக் காப்பீட்டில், ஒருவேளைக் குப்பியில் உடலில் ஏற்றியதை ஒரு வரியிலும், கொட்டியதைத் தனி வரியிலும் எழுத வேண்டும். கொட்டியதற்கு ‘ஜேடபிள்யூ’ என்ற குறியீடு 2017 ஜனவரி முதல் கட்டாயமாயிற்று. ஒன்றும் மிஞ்சவில்லை என்றாலும் அதைச் சொல்ல ‘ஜேஇசட்’ என்ற குறியீடு 2023 ஜூலை முதல் கட்டாயம். ‘மிஞ்சியதா, இல்லையா?’ என்பதற்கு மௌனம் பதிலாகக் கூடாது என்பதே அதன் கருத்து. 2021-ல் இயற்றிய சட்டத்தின்படி, பொதுவாக மீதம் 10 விழுக்காட்டைத் தாண்டினால், தாண்டிய பங்கின் விலையைத் தயாரித்த கம்பெனியே அரசுக்குத் திருப்பித் தர வேண்டும். பெரிய குப்பி செய்து விற்றவரும் அந்த விரயத்தில் பங்காளி என்று அச்சட்டம் ஒப்புக்கொள்கிறது.

நம் பில்களில் அந்தத் தனி வரி இல்லை. குப்பி எண்ணிக்கையும் விலையும் மட்டுமே இருக்கும்.

நம்மால் இயலாததன்று

‘இதெல்லாம் பணக்கார நாட்டு வேலை’ என்று எண்ண வேண்டாம். கொரோனாத் தடுப்பூசிக் காலத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான கோவிஷீல்டு. திறந்தால் நான்கு மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 2021 ஏப்ரல் நடுப்பகுதியில் வெளியான விவரப்படி, தடுப்பூசி விரயத்தில் நாட்டிலேயே முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு. நூற்றுக்கு 12-க்கும் மேல் வீணாயிற்று. அதே தமிழ்நாடு, அவ்வாண்டு மே 1 முதல் ஜூலை 13 வரை, குப்பியில் கூடுதலாக இருக்கும் துளிகளையும் கவனமாக எடுத்து, கணக்கைவிட 5.88 லட்சம் தவணை அதிகமாகப் போட்டது என்று நாடாளுமன்றத்தில் மத்திய அரசே தெரிவித்தது. மருந்து மாறவில்லை, குப்பியும் மாறவில்லை. ஆட்களைச் சேர்த்து வைத்துக் குப்பியைத் திறந்தார்கள்; ஒவ்வொரு துளிக்கும் கணக்கு எழுதினார்கள். அவ்வளவே.

வீட்டார் செய்ய வேண்டியவை

நோயாளியுடன் செல்வோர், கையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். அதில் இவற்றை எழுதுங்கள்.

ஒன்று: இன்றைய எடை எவ்வளவு, அதற்கு மருந்து எத்தனை மில்லிகிராம்?

இரண்டு: குப்பியின் அளவு என்ன? சிறிய குப்பி உண்டா? ஒருவேளைக் குப்பியா, பலவேளைக் குப்பியா?

மூன்று: திறக்கும் முன் குப்பியை வாங்கிப் பார்த்து, மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி, அதிகபட்ச விலை ஆகியவற்றைக் குறியுங்கள். அந்த விலைக்குள் வரியும் அடக்கம். அதற்கு மேல் தனியாக வரி கேட்டால் காரணம் கேளுங்கள்.

நான்கு: ‘ஏற்றியது இவ்வளவு, மீதம் இவ்வளவு, மீதத்தை வைத்தோம் அல்லது கொட்டினோம்’ என்று சிகிச்சைக் குறிப்பில் எழுதித் தரும்படி கேளுங்கள்.

ஐந்து: மொத்தத் தொகை மட்டும் போட்ட பில்லை ஏற்காமல், இனவாரியான பில் பெறுங்கள்.

காப்பீடு வைத்திருப்போர்க்கு இது இன்னும் முக்கியம். மருத்துவமனை நிரப்பும் விண்ணப்பப் பகுதியில் நோய்க்குரிய பன்னாட்டுக் குறியீட்டை எழுதுகிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு ‘சி 50’. குறியீடு ஒன்று சொல்லி, சீட்டு வேறொன்று சொல்லி, பில் மூன்றாவதாக ஒன்று சொன்னால் பணம் வருவது தாமதமாகும். டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துகளை ஊசியாகப் போடும் சிகிச்சையைப் பாலிசியிலிருந்து விலக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2019-ல் நெறிமுறை வகுத்தது. ஆனால் உச்சவரம்பு வைக்க இடம் கொடுத்தது. வரம்பு இருக்கும்போது, கொட்டிய குப்பியும் அந்த வரம்பைத்தான் தின்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தவர்கள், சிகிச்சைக்கு ஒட்டுமொத்தத் தொகை அனுமதிக்கப்படுவதால், அதில் ஊசி மருந்தும் அடங்குமா என்பதைத் திட்ட அலுவலரிடம் முன்னமே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

மருந்தை எங்கே வாங்குவது என்பதும் நம் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனம் அதைச் சொல்கிறது. 2019-ல் மத்திய அரசு அதை மாநிலங்களுக்கு அனுப்பியது. 2018 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை ஆணையம் தில்லிப் பகுதியின் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்து, மருந்து, ஊசிக்குழல் போன்றவற்றில் லாபம் 1,737 விழுக்காடு வரை சென்றிருப்பதைக் கண்டறிந்தது. எனவே விலை விசாரிப்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. வெளியில் வாங்கினால், குளிர் கெடாமல் வந்ததா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரு வார்த்தை எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, ஊசி போட வரும் நர்ஸ் சகோதரியிடம் சண்டைக்குப் போக வேண்டாம். குப்பியின் அளவை அவர் வகுக்கவில்லை. விலையையும் அவர் போடவில்லை. ஒருவேளைக் குப்பியின் மீதத்தை ‘அடுத்த முறைக்கு வையுங்கள்’ என்று வற்புறுத்தவும் வேண்டாம். அது மிச்சமாகாது, நோயாகும். மரியாதையாகக் கேட்டால் பல இடங்களில் பதில் கிடைக்கும். கேட்பவர் பெருகினால், பில்லில் அந்தத் தனி வரியும் ஒரு நாள் வரும், இன்ஷா அல்லாஹ்.

ஒளு எடுக்கும் நீரைக்கூட அளவாகச் செலவிடச் சொல்லிப் பிள்ளைகளை வளர்ப்பவர்கள் நாம். அந்த நீரைவிடப் பல மடங்கு விலையுயர்ந்த துளிகள், நம் பிள்ளைகளின், தாய்மார்களின் பெயரால் நாள்தோறும் குப்பைத் தொட்டிக்குப் போகின்றன. உயிர் காக்கும் பொருட்டுக் கொட்டியதற்கு வருந்த வேண்டாம். கேளாமையால் கொட்டியதற்கு மட்டும் நாமும் பொறுப்பாளிகளே.

வஸ்ஸலாம்.